விஜயநாராயணத்து அலையும் வானிலிருந்து விழும் எலக்ட்ரான்களும்

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக 18.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலைகளை வெளியிடுகிறது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 16.5 கி.மீ. ஆகையால், வடக்கே சுமார் 120 கி.மீ. தொலைவிலுள்ள இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தூரம் ஓர் அலைக்குள்ளேயே அடங்கிவிடும். இத்தகைய அலைகள் நிலத்துக்கும் அயனிமண்டலத்தின் அடித்தளத்துக்கும் இடையே மாறிமாறி எதிரொளித்துச் செல்கின்றன. அந்த அடித்தளம் பகலில் சுமார் 70 கி.மீ., இரவில் சுமார் 85 கி.மீ. உயரத்தில் உள்ளது. பலூன் எட்டாததும் செயற்கைக்கோள் நிலைத்துச் சுற்ற இயலாததுமான அவ்வுயரத்தில் நிகழும் மாற்றங்களை, தரையிலுள்ள வாங்கி அலையின் வலிமையிலும் கட்டத்திலும் ஏற்படும் சிறு விலகல்களாகப் பதிவுசெய்கிறது.

அம்மாற்றங்களுள் ஒன்று எலக்ட்ரான் பொழிவு. 1958-இல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளின் கெய்கர் எண்ணியைக் கொண்டு ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் கண்டறிந்த கதிர்வீச்சுப் பட்டைகளில், எலக்ட்ரான்கள் புவியின் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றவாறே வடக்கும் தெற்குமாக ஓடுகின்றன. துருவங்களை நெருங்கப் புலம் வலுப்பெறுவதால், ஒரு புள்ளியில் நின்று திரும்பிவிடுகின்றன. விண்வெளிப் பிளாஸ்மாவில் தோன்றும் அலைகளோ மின்னலிலிருந்து எழும் வானொலி அலைகளோ அவற்றின் சுழற்சிக் கோணத்தைக் குலைத்தால், அத்திருப்புப் புள்ளி வளிமண்டலத்துக்குள் இறங்கிவிட, எலக்ட்ரான்கள் காற்றணுக்களோடு மோதி அவற்றை அயனியாக்கித் தம் ஆற்றலை இழக்கின்றன. மோதலில் பிறக்கும் எக்ஸ் கதிர்களை அளப்பதற்காகவே 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அண்டார்க்டிகாவில் பாரெல் திட்டத்தின் பலூன்கள் பறக்கவிடப்பட்டன. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் நடத்தும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம், அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்தில் ரியோமீட்டர் என்னும் கருவியைப் பயன்படுத்துகிறது. விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் வானொலி இரைச்சலைப் புதிய அயனிகள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை அது காட்டும்.

ஆனால் இராஜபாளையத்தின் மீது அப்பட்டைகளிலிருந்து எலக்ட்ரான்கள் பொழிவதில்லை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென்தமிழகத்தில் புலக்கோடுகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக ஓடி, உட்பட்டையை எட்டாமலே தாழ வளைந்து முடிகின்றன. எனவே கட்டபொம்மன் நிலையத்தின் அலை எவ்வளவு வலிதாயினும், பட்டையிலுள்ள எலக்ட்ரான்களை அசைக்கும் வாய்ப்பு அதற்கு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தின் 19.8 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அத்தகைய இடத்தடை இல்லை. அது உட்பட்டை வரை சென்று எலக்ட்ரான்களைக் கலைப்பதையும், அவை கிழக்கு நோக்கி நகர்வதையும் பிரெஞ்சு செயற்கைக்கோளான டெமெட்டர் பதிவுசெய்தது. அவ்வாறு நகர்பவற்றுள் பல, புலம் நலிந்த தென் அட்லாண்டிக் பகுதியை அடைந்ததும் வளிமண்டலத்தில் விழுந்து மறைகின்றன. போருக்கென அமைத்த கருவி, அறியாமலே ஒரு பெரிய இயற்பியல் சோதனையை நடத்திவந்திருக்கிறது.

பொழிவு இல்லாமையே தென்தமிழக அலைக்கு வேறொரு பயனைத் தருகிறது: இங்கு அலையில் தெரியும் பகல்நேர விலகலுக்குப் பட்டைகளைக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்பதால், சூரியச் சுடர்களின் எக்ஸ் கதிர்கள் அயனிமண்டலத்தில் விளைவிக்கும் மாற்றத்தைத் தனித்துக் காண்பது எளிதாகிறது. சுடர் மட்டுமன்றி, சூரிய ஒளி மறைவதன் விளைவையும் இவ்வலையில் காணலாம்: 2009 ஜூலை 22-ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் இதே அலையைத் தொலைவிலிருந்து வாங்கி, நிழல் கடந்தபோது அதன் வலிமை எவ்வாறு மாறியது என்பதைக் கணக்கிட்டனர்.