காற்றே கருவியாகும் வானியல்

காமா கதிர்கள் தரையை வந்து தொடுவதில்லை. விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர், வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஏதாவதோர் அணுக்கருவை நெருங்கும்போது ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறி மறைந்துவிடுகிறது. ஆகவே இக்கதிர்களை ஆராயச் செயற்கைக்கோள் வேண்டும் என்று தோன்றும். ஆற்றல் குறைந்த காமா கதிர்களுக்கு அது சரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு ஆற்றல் கொண்ட கதிர்களோ மிக அரிதாகத்தான் வருகின்றன. அவற்றைத் தாராளமாக அனுப்பும் மூலங்களில் ஒன்று நண்டு நெபுலா. அதிலிருந்துகூட ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டு முழுவதும் விழுபவை பத்துக்கும் குறைவு. ராக்கெட்டில் ஏற்றக்கூடிய கருவியின் பரப்பு இதற்குப் போதாது.

காமா கதிரை மறிக்கும் அதே காற்றுதான் வழியையும் காட்டியது. முதலில் பிறந்த எலக்ட்ரானும் பாசிட்ரானும் புதிய காமா கதிர்களை வெளியிடுகின்றன. அவை மேலும் துகள்களைப் பிறப்பிக்கின்றன. இப்படிப் பெருகும் துகள் மழை, காற்றினூடே ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி விரைகிறது. வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. காற்றில் ஒளியின் வேகம் இம்மியளவு குறைவதால் இது நடக்கிறது. அப்போது நீல நிற ஒளி வெளிப்படும். சோவியத் இயற்பியலாளர் பாவெல் செரன்கோவ் 1934இல் திரவங்களில் கண்டறிந்த ஒளி இதுவே. துகள் மழையில் இந்த ஒளி சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்து, தரையில் ஏறக்குறைய 250 மீட்டர் அகல வட்டமாக விழுகிறது. அந்த வட்டத்துக்குள் எங்கே ஓர் ஆடியை வைத்தாலும் ஒளி அதில் படும். இருப்பது சில நானோ விநாடிகளே என்பதால் மனிதக் கண் அதைக் காண முடியாது.

இரவு வானின் வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இவ்வொளியாக இருக்கலாம் என்று 1948இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிளாக்கெட் கணித்தார். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி மையத்தில் இருந்த கால்பிரெய்த்தும் ஜெல்லியும். 1952இல் அவர்கள் அமைத்த கருவியின் எளிமை வியக்க வைக்கிறது: ஒரு குப்பைத் தொட்டி, அதன் அடியில் 25 சென்டிமீட்டர் ஆடி, அதன் குவியத்தில் ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய். நிலவில்லாத இரவில் தொட்டியை வானம் பார்க்க நிறுத்தினார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலைகாட்டியின் திரையில் ஒரு துடிப்பு எழுந்தது. அருகே பரப்பி வைத்திருந்த கைகர் எண்ணிகளும் அதே கணத்தில் துகள் மழையைப் பதிவு செய்தபோது ஐயம் தீர்ந்தது.

ஆனால் அவர்கள் கண்டது காமா கதிர்களின் மழையை அல்ல. காஸ்மிக் கதிர்கள் எனப்படும் மின்னூட்டத் துகள்களும் இதே போன்ற மழையைப் பொழிகின்றன. எண்ணிக்கையிலும் அவையே பன்மடங்கு அதிகம். அண்டவெளியின் காந்தப் புலங்களில் வளைந்து வளைந்து வருவதால் தாம் புறப்பட்ட இடத்தையும் அவை காட்டிக்கொடுப்பதில்லை. நண்டு நெபுலாவின் காமா கதிர்களைத் தேடலாம் என்று 1959இல் இயற்பியலாளர் கொக்கோனி யோசனை சொன்னதை அடுத்து, சோவியத் இயற்பியலாளர் சுடகோவின் குழு கிரிமியாவில் 12 ஆடிகளுடன் முயன்றது. ஒன்றும் அகப்படவில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில், ஹாப்கின்ஸ் மலையில் 248 சிறு ஆடிகளைப் பதித்த 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி 1968இல் எழுந்தது. அத்தனை பெரிய கருவிக்கும் உறுதியான முதல் வெற்றி கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. ஒளி வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, வந்த ஒளியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்பதே அந்த இருபது ஆண்டுகளின் பாடம். 37 ஒளிப்பெருக்கிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவில் காமா மழை ஒடுங்கிய நீள்வட்டமாகப் பதிந்தது. அதன் நீள அச்சு மூலத்தை நோக்கியிருந்தது. காஸ்மிக் கதிரின் மழையோ அகன்று, சிதறி, எந்தத் திசையிலும் சாய்ந்து கிடந்தது. இந்த வேறுபாட்டை அளக்கும் முறையை 1985இல் மைக்கேல் ஹில்லாஸ் வகுத்தார். ட்ரெவர் வீக்ஸ் தலைமையிலான குழு அதைக் கையாண்டு, நண்டு நெபுலாவின் காமா கதிர்களைக் கண்டதாக 1989இல் அறிவித்தது. சீன வானியலாளர்கள் 1054இல் பகலிலும் கண்டு குறித்து வைத்த விண்மீன் வெடிப்பின் எச்சம்தான் அந்த நெபுலா. 1992இல் மார்கேரியன் 421 என்னும் தொலைதூரக் கேலக்ஸியும் இதே முறையில் பிடிபட்டது.

இந்தியாவில் இத்தேடல் ஊட்டியில் தொடங்கியது. பல்சர்கள் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1969இல் அங்கே ஆடிகளை நிறுவினர். பல்சர் என்பது சீரான இடைவெளியில் துடிக்கும் விண்மீன். வந்த ஒளித்துடிப்புகளை அந்தத் தாளத்தோடு ஒப்பிட்டால் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைக் கழிக்க முடியும் என்பது அவர்களின் கணக்கு. 1980களில் அப்பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கு மாறியது. பின்னர் லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகார் அமைந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி அதே ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. அவ்வளவு உயரத்தில் துகள் மழைக்கும் ஆடிக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. ஒளி அதிகம் பரவாமல் அடர்த்தியாக வந்து சேர்வதால், ஆற்றல் குறைந்த காமா கதிர்களையும் அங்கே பிடிக்க முடிகிறது.