ஹாலுக்குள் இருக்கும் பால்
திறந்த ஏடுகள் – 7

பெங்களூருக்குக் குடிபோன முதல் வாரம். காலையில் வாங்கிவந்த நந்தினி பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த கன்னட எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘ஹாலு’ என்று வந்தது. நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். மறுநாள் ‘ஹல்லு’, பல். அதற்கும் மறுநாள் ‘ஹத்து’, பத்து. பிறகு ‘ஹுலி’, புலி. நாளுக்கொரு சொல் என்று மூன்று மாதம் ஓடியது. நண்பர் ஒருவர் சொல்லி ஓர் இணைய அகராதியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது, மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் நான் பிறந்ததிலிருந்து பேசிவரும் சொற்களே என்று.

அந்த அகராதியைப் பற்றித்தான் இந்த வாரம்.

திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த தாமஸ் பர்ரோவும், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய எமனோவும் சேர்ந்து தொகுத்தது. எமனோ கனடாக்காரர். 1930களில் நீலகிரிக்கு வந்து தங்கி, தோடர், கோத்தர் மொழிகளை அவர்கள் வாயால் கேட்டுக் குறித்துக்கொண்டவர். 1961இல் முதல் பதிப்பும் 1984இல் திருத்திய பதிப்பும் வந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் இன்று யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

‘பால்’ என்ற பதிவைத் திறந்து பாருங்கள். முதலில் தமிழ், அடுத்து மலையாளம். பிறகு நீலகிரி மொழிகள், கன்னடத்தில் ‘ஹாலு’, தெலுங்கில் ‘பாலு’ என்று வரிசை வடக்கு நோக்கி நகர்ந்து, பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயியில் போய் நிற்கிறது. அங்கேயும் பாலுக்குப் ‘பால்ஹ்’ என்றுதான் பெயர். தேளுக்குத் ‘தேல்ஹ்’. ஒரு பதிவைப் படித்து முடிப்பதற்குள் ஒரு துணைக்கண்டத்தையே கடந்துவிடுகிறோம்.

நாலைந்து பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால், யாரும் சொல்லித்தராமலே ஒரு விதி கண்ணில் படும். தமிழில் சொல்லின் முதலில் ப வந்தால் இன்றைய கன்னடத்தில் அது ஹ ஆகிறது. பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி, பூ ஹூவு, பெயர் ஹெசரு. பழங்கன்னடத்திலும் இது ‘ப’வாகத்தான் இருந்தது, பின்னால் வந்த நூற்றாண்டுகளில் மாறியது. இரண்டாவது விதி, நம் வ அங்கே ப ஆவது. ‘கம்பு’ என்று சொல்லும்போது வருகிற ப. வா என்பது ‘பா’, வேர் ‘பேரு’, வாழை ‘பாளெ’, வெல்லம் ‘பெல்ல’, வெள்ளுள்ளி ‘பெள்ளுள்ளி’. இந்த இரண்டு விதியும் கைவந்த பிறகு மளிகைக் கடையில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. விதியை எல்லாச் சொல்லுக்கும் பூட்டக் கூடாது. வடமொழியிலிருந்து வந்த ‘புஸ்தக’, ‘பூஜெ’ போன்றவை பகரத்தோடே நிற்கின்றன. ஓசை ஒத்துப்போவதாலேயே இரண்டு சொற்கள் உறவாகிவிடா. ஐயம் வந்தால் ஊகிக்காமல் பதிவைத் திறந்து பாருங்கள். அகராதி இருப்பதே அதற்குத்தான்.

தேடுவதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். நெடிலுக்கு மேலே ஒரு கோடு, ழகரத்துக்குக் கீழே ஒரு கோடு, ளகர ணகரங்களுக்குக் கீழே புள்ளி. பத்து நிமிடத்தில் பழகிவிடும். அதுவும் சிரமமென்றால் ஆங்கிலப் பொருளைக் கொடுத்தே தேடலாம்.

அதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி அது. 1862இல் வந்த வின்சுலோ அகராதி, மலையாளத்துக்கு 1872இல் குண்டர்ட் தந்த அகராதி, தெலுங்குக்கு பிரவுன் அகராதி எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. கன்னடத்துக்குத் தனியாக ‘அலர்’ என்ற இணைய அகராதி இருக்கிறது. வி. கிருஷ்ணா என்ற தனி மனிதர் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தது. 2019இல் பொதுவுக்கு வந்தது. அலர் என்றால் கன்னடத்திலும் பூதான்.

கர்நாடகத்தில் ஹளேபீடு என்று ஓர் ஊர். ஹொய்சாளர்களின் தலைநகராக இருந்து, படையெடுப்பில் அழிந்தது. அந்தப் பெயரை மேலே சொன்ன இரண்டு விதிகளிலும் வைத்துப் பாருங்கள். ஹளே என்பது பழைய. பீடு என்பது வீடு. பாடிவீடு, படைவீடு என்கிறோமே, அந்த வீடு. எத்தனையோ முறை அந்த ஊர்ப் பெயரைப் பேருந்துப் பலகையில் பார்த்திருக்கிறேன். அது தமிழனுக்குப் புரியும் பெயர் என்று அகராதியைத் திறக்கும்வரை தெரியவில்லை.

பக்கத்து மொழியைக் கற்கும் தமிழர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. இந்த வாரம் உங்கள் அடுக்களையில் கண்ணில் படும் பத்துப் பொருள்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றாக அந்த அகராதியில் தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)