காய்ச்சல் என்று எண்ணி ஏமாற வேண்டாம்: வெயில் காலத்தில் எமது பிள்ளைகள்

சித்திரை மாதத்து நண்பகலில் உங்கள் கொட்டிலுக்குள் சிறிது நேரம் இருந்து பாருங்கள். வெளியே மரநிழலில் இருப்பதைவிட உள்ளே வெக்கை அதிகம் என்பது தெரியும். ஊரில் வேம்பும் மாவும் எமது முற்றத்தைக் காத்தன. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் தகரமும் தறப்பாளுமே கிடைத்தன. வெயில் எமக்குப் பழகியதுதான்; நிழலைத்தான் விட்டுவிட்டு வந்தோம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது காற்றும் குறைவு. இதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் சிறு பிள்ளைகளே. அவர்களின் உடல் விரைவாகச் சூடேறும். பெரியவர்களைப் போல வியர்ப்பதும் இல்லை. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் மறந்துவிடுவார்கள்.

கொட்டிலைக் குளிர்விப்போம்

தகரத்தின் மேலோ தறப்பாளின் மேலோ கிடுகு அல்லது பனையோலையைப் பரப்பிக் கட்டுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் தட்டியைத் திறந்து காற்றுக்கு வழி விடுங்கள். காற்று வரும் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம். குழந்தை உறங்கும் ஏணையைத் துணியால் மூட வேண்டாம். உள்ளே காற்று அடைபட்டுச் சூடு கூடும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பிள்ளைகளை மரநிழலில் வைத்திருப்பதே நல்லது.

குடிக்கக் கொடுப்போம்

பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி கொதித்தாறிய நீர் கொடுங்கள். மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர், சிறிது உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் யாவும் நல்லவை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே வழமையைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். தாயும் நன்றாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணித்தியாலமாகப் போகாவிட்டாலோ உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அறியுங்கள்.

வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் ஜீவனி கொடுங்கள். அது கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். உப்பின் அளவு கூடக்கூடாது.

ஆபத்தை அறிவோம்

தலையிடி, சோர்வு, ஓங்காளம், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து, குடிக்கக் கொடுங்கள். உடல் நெருப்பாகக் கொதித்து, பிள்ளை பிதற்றினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் போயிருக்கலாம். இது உயிருக்கு ஆபத்தானது.

இங்கேதான் பலர் தவறுகிறோம். காய்ச்சல் என்று எண்ணிப் போர்வையால் மூடுகிறோம். பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். வெப்பத்தாக்குக்குப் பனடோல் உதவாது. போர்வை சூட்டை மேலும் கூட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையை நிழலில் கிடத்தி உடுப்புகளைக் களையுங்கள். உடல் முழுவதும் கிணற்று நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளியாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதுவரையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும், நனைப்பதை நிறுத்தக்கூடாது.

தாயும் தகப்பனும் கூலிக்குப் போக, பத்து வயது அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. ஆகவே இவற்றை அந்த அக்காவுக்கும் சொல்லிக் கொடுப்போம். அயலில் உள்ள ஒரு பெரியவர் நண்பகலில் ஒரு தடவை எட்டிப் பார்க்கவும் ஒழுங்கு செய்வோம். கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் ஒரு முருங்கைத் தடியையும் இன்றே ஊன்றிவிடுவோம்.