ஊர் இழுக்கும் ஃபைபர், வீடு கட்டும் தவணை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ என்றொரு நகரம். அங்கே மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வரும் மாத ரசீதில் ஒரு கட்டத்தில் புதிதாக 5 டாலர் 35 சென்ட் ஏறியது. வீட்டில் இணைய இணைப்பே இல்லாதவர்களும் அதைக் கட்ட வேண்டியிருந்தது. நகராட்சி இணையத்துக்கான ஃபைபர் கேபிள் பதிப்பதற்காக 2004-ல் கடன்பத்திரம் மூலம் திரட்டிய ஏறத்தாழ 4 கோடி டாலருக்கான தவணை அது.

கேபிள் நிறுவனங்கள் விலையை ஏற்றுகின்றன, ஏழைகள் வாழும் தெருவுக்கு வர மறுக்கின்றன, அதனால் நாமே இழுத்துவிடலாம் என்று நகரங்கள் நினைப்பது நியாயமே. சாலையும் குடிநீரும் போல இணையமும் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதனாலேயே, திட்டம் எங்கே சறுக்குகிறது என்பதை மக்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புரோவோவில் முதல் சிக்கல் சட்டம். யூட்டா மாநிலச் சட்டம் நகராட்சி நேரடியாகச் சந்தா விற்பதற்குக் கடும் நிபந்தனைகள் போட்டிருந்தது. வலைப்பின்னலை நகரம் அமைத்தது. தனியார் நிறுவனங்கள் அதை வாடகைக்கு எடுத்து வீடுகளுக்கு விற்றன. கடன் நகரத்துடையது, வாடிக்கையாளர்களோ வேறொருவருடையவர்கள். வருமானம் தவணைக்கு எட்டவில்லை. 2008-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த நிறுவனத்தாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2013-ல் கூகுள் வலைப்பின்னலை 1 டாலருக்கு வாங்கியது. கடன் நகரத்திடமே நின்றது. கேபிள் சரியாக எந்தெந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்று கண்டறிந்து கொடுக்க மட்டும் நகரம் சுமார் 5 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பள்ளம் தோண்டியபோதே வரைபடத்தை ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

டென்னசியின் சட்டனூகாவில் கதை வேறு. அங்கே நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம் இணையத்துக்கு மட்டுமல்லாமல் மின்கம்பிகளைக் கண்காணிக்கவும் ஃபைபரை இழுத்தது. புயலில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், தானியங்கி சுவிட்சுகள் பழுதான பகுதியைத் துண்டித்துவிட்டு மற்ற தெருக்களுக்கு மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும். இணையச் சந்தா குறைந்தாலும் ஃபைபர் வீணாகாது. கடன்பத்திரத்தோடு மத்திய அரசின் மானியம் 11 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. 2010-ல் வாரியத்தின் மின்விநியோக எல்லை முழுவதும் நொடிக்கு ஒரு கிகாபிட் இணைய வேகம் கிடைத்தது. ஆனால், அந்த எல்லையைத் தாண்டி இணைய இணைப்பு கொடுக்க மாநிலச் சட்டம் தடை போட்டது. மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல் அந்தத் தடையை நீக்கப் பார்த்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் வெளியிலேயே நின்றார்கள்.

வெர்மான்டின் பர்லிங்டன்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. நகரத்தின் பொதுநிதியிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் நகராட்சியின் தொலைத்தொடர்புப் பிரிவுக்குப் போனது. எடுத்த பணத்தை 60 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது அந்தப் பிரிவின் உரிமத்திலிருந்த நிபந்தனை, திருப்பவில்லை. 2009-ல் விஷயம் வெளியே வந்ததும் வரி கட்டுவோர் நீதிமன்றம் போனார்கள், கடன் கொடுத்த வங்கியும் வழக்குத் தொடுத்தது, நகரத்தின் கடன் தரமதிப்பீடு சரிந்தது. கணக்கு மாதாமாதம் பொதுவில் வைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இனி, அந்நாட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் என்ன செய்யலாம்? பெரும்பாலான ஊர்களில் குடியுரிமை இருந்தால்தான் வாக்கு. ஆனால் நகர்மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசப் பொதுவாகக் குடியுரிமை தேவையில்லை. கொலராடோவில் 2005 சட்டப்படி இத்தகைய திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு கட்டாயமாக இருந்தது. லாங்மான்ட் நகரத்தில் அந்த வாக்கெடுப்பு 2009-ல் தோற்று, 2011-ல் வென்றது. அந்தக் கட்டாயத்தை 2023-ல் மாநிலம் நீக்கிவிட்டதால், அங்கே இப்போது நகர்மன்றக் கூட்டத்தைக் கவனிப்பது இன்னும் அவசியம். திட்ட அறிக்கை, கடன் ஒப்பந்தம், கணக்கு ஆகியவற்றை மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

இரண்டு வசதிகள் பலருக்குத் தெரிவதில்லை. 2024 முதல் இணைய நிறுவனங்கள் விலை, வேகம், மறைமுகக் கட்டணம் எல்லாவற்றையும் உணவுப் பொட்டல விவரச்சீட்டு போன்ற ஒரு சீட்டில் காட்டியாக வேண்டும். நகராட்சி தரும் இணைப்புக்கும் இது பொருந்தும். மத்திய ஆணையத்தின் இணைய வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு இணைப்பு கிடைப்பதாகத் தவறாகக் காட்டியிருந்தால், நீங்களே ஆட்சேபம் பதிவுசெய்யலாம்.

உங்கள் ஊரில் கடன்பத்திரம் பற்றிய கூட்டம் அறிவிக்கப்பட்டால் தவறாமல் போங்கள். எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் சந்தா சேர்ந்தால் தவணையை யார் கட்டுவது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.