உங்களுக்குத் தெரியுமா? பலூன் ஏறிய காமா வேட்டை

● விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களைக் காற்று மண்டலம் வழியிலேயே மறித்துவிடுகிறது. நமக்கு அது பாதுகாப்பு, விண்ணியலாளர்களுக்குத் தலைவலி. கருவியை 35, 40 கி.மீ. உயரத்துக்கு ஏற்றினால்தான் வேலை நடக்கும். விமானம் அங்கே எட்டாது. ராக்கெட் சில நிமிடங்களில் இறங்கிவிடும். செயற்கைக்கோளுக்குச் செலவு எக்கச்சக்கம். ஆகவே பலூன்!

● நாசா பறக்கவிடும் பெரிய பலூன்களின் பாலித்தீன் உறை சுமார் 20 மைக்ரான்தான். நம் நாட்டில் 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக்குக்கே தடை!

● பால்வீதியின் மையத்திலிருந்து ஏதோ ஒரு காமா ஒளி வருகிறது என்று 1970களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் ஏற்றிய பலூன்கள் காட்டின. 1977இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து போன ஜெர்மேனியக் கருவி அதன் ஆற்றலைத் துல்லியமாக அளந்தது: 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதி அழியும்போது வெளிப்படும் காமா கதிரின் ஆற்றல் இது. அத்தனை பாசிட்ரான்கள் அங்கே எப்படி வந்தன? வழக்கு இன்னும் தீரவில்லை.

● அதே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், 2010 ஏப்ரலில் ஒரு களேபரம். பலூன் மேலே கிளம்பியும், அதனுடன் போக வேண்டிய காமா தொலைநோக்கி, தான் தொங்கிய கிரேனிலிருந்து கழன்றுகொள்ளவில்லை. கடைசியில் பிய்த்துக்கொண்டு தரையோடு இழுபட்டுப் போய், வேலியை உடைத்து, நின்றிருந்த ஒரு காரையும் புரட்டிப் போட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. தொலைநோக்கியை உருவாக்கிய அணி அசரவில்லை. அதே வழியில் வந்த அடுத்த கருவிக்கு ‘கோசி’ என்று பெயர். 2014இல் அண்டார்க்டிகாவில் ஏற்றினார்கள். பலூன் கசிந்து, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. 2016 மே மாதம் நியூசிலாந்தின் வனாக்காவிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை 46 நாள் பறந்து பெருவில் இறங்கியது. நடுவில், மே 30 அன்று, ஒரு காமா வெடிப்பையும் பிடித்துவிட்டது! 2021இல் கோசியைச் செயற்கைக்கோளாகவே அனுப்ப நாசா முடிவெடுத்தது.

● நம் ஹைதராபாத்திலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் இருக்கிறது. நாசா ஹீலியம் அடைக்கிறது, இங்கே ஹைட்ரஜன். புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இந்தத் தளத்துக்கு வாய்த்த யோகம்: ஆற்றல் குறைந்த காஸ்மிக் துகள்களைப் பூமியின் காந்தப்புலமே விரட்டிவிடுவதால், கருவியில் வீண் இரைச்சல் குறைவு. வேலை முடிந்ததும் கருவி பாராசூட்டில் ஏதாவது ஒரு வயலில் வந்து இறங்கும். அதனால்தான், “கண்டால் பிரிக்காதீர்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்” என்று சுற்றுவட்டார மாவட்டங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போகிறது.