எல்லைக்கோடும் ஒளித்திரையும்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறி அமர்ந்த ஒருவர், கண்ணயர்வதற்குள் ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் கர்நாடக மண்ணை மிதித்துவிடலாம். இடைவெளி பத்துக் கிலோமீட்டர் கூட இராது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றி, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் அடுத்தடுத்து வந்து சேர்ந்த பின்னர், இப்பாதையில் ஆள் நடமாட்டம் இரவிலும் ஓய்வதில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கனி உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. 2004-இல் தருமபுரியினின்று பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு வாயில் என்றும் இதனைக் கூறலாம்.

இவ்வூர் இளைஞர்கள் திரையில் எதைக் கண்டு மகிழ்கின்றனர், கைப்பேசியில் யாரோடு கூடி விளையாடுகின்றனர் என்பதில் அந்த எல்லைக்கோட்டுக்கு என்ன பங்கு உண்டு? இது பொழுதுபோக்கைப் பற்றிய வினாதானே என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் உற்று நோக்கினால் விந்தையான ஓர் உண்மை புலப்படுகிறது. வேலி வேண்டாத இடத்தில் நெடுங்காலம் வேலி நின்றது. வேலி வேண்டிய இடத்திலோ வழி திறந்து கிடந்தது.

முதலாவது தொலைக்காட்சியைக் காண்போம். பிற மொழிக் கதை ஒன்று நம் வீட்டுத் திரைக்கு வந்து சேர இரண்டு வழிகள் உள்ளன. படம் அப்படியே இருக்க, குரலை மட்டும் மாற்றுவது ஒன்று. நடிகர், களம், உடை யாவற்றையும் புதிதாக அமைத்து எடுப்பது மற்றொன்று. முன்னதை மொழிமாற்று என்றும், பின்னதை மறுஆக்கம் என்றும் வழங்குகிறோம். மொழிமாற்றுக்கு உதட்டசைவுக்கு ஏற்ப உரையாடல் எழுத வல்ல ஒருவரும், குரற்கலைஞர் சிலரும் போதும். மறுஆக்கத்திற்கோ ஒரு படையே வேண்டும்.

தமிழ்நாட்டில் இரண்டு வழிகளும் திறந்தே இருந்தன. 1997-இல் தூரதர்சனில் இந்தியில் பறக்கத் தொடங்கிய 'சக்திமான்' தமிழும் பேசினான். அவனைப்போல் கையை உயர்த்திச் சுழலாத சிறுவர் அந்நாளில் அரியர். கர்நாடகத்தில் நிலைமை வேறு. 1960-களில் அ.ந. கிருஷ்ணராவ் போன்ற எழுத்தாளரும் நடிகர் இராஜ்குமாரும் முன்னின்ற இயக்கத்தின் விளைவாக, மொழிமாற்றுப் படங்கள் அங்கே மெல்ல மறைந்தன. அதற்கெனச் சட்டம் ஏதும் இல்லை. திரைத்துறையினரின் கட்டுப்பாடே சட்டம்போல் நின்றது. அவ்வியக்கத்தின் காரணத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. பெருமுதலீட்டில் எடுக்கப்பட்ட தமிழ், இந்திப் படங்கள் குரல் மட்டும் மாற்றிக்கொண்டு வந்து குவிந்தால், சிறிய சந்தையை நம்பிய கன்னடக் கலைஞர் பிழைப்பது எங்ஙனம் என்ற அச்சம் நியாயமானதே. (அந்த இராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது என்பதை ஈண்டு நினைவு கூரலாம். எல்லைக்கோட்டின் வேடிக்கைகள் பல.)

ஆனால், ஒரு தலைமுறையைக் காக்க எழுந்த மதில் அடுத்த தலைமுறையைச் சிறை வைத்தது. 2012-இல் ஆமிர்கான் நடத்திய 'சத்யமேவ ஜயதே' தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஒலித்தது; கன்னடத்தில் ஒலிக்கவில்லை. 2013-இல் ஸ்டார் நிறுவனம் இந்தியில் எடுத்த 'மகாபாரதம்' அவ்வாண்டிலேயே விஜய் தொலைக்காட்சி வழியே தமிழுக்கு வந்தது. கன்னடத்தில் அதே தொடர் ஸ்டார் சுவர்ணாவில் ஒளிபரப்பானது 2020-இல். கொரோனா முடக்கத்தால் படப்பிடிப்புகள் நின்றுபோன வேளையில்தான் அக்கதவு திறந்தது. ஓசூரில் இருந்த சிறுவன் ஆறாம் வகுப்பில் தன் மொழியில் கேட்ட கர்ணனின் குரலை, அத்திப்பள்ளியில் இருந்த அவன் வயதுத் தோழன் பள்ளிப் படிப்பு முடிந்த பின்னரே தன் மொழியில் கேட்டான் என்க.

இம்மதிலை அசைத்தவர் யார் என்பதுதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி. பெருமுதலாளிகள் மட்டும் அல்லர், பார்வையாளரே வழக்காடினர். தம்மைக் கன்னட நுகர்வோர் என்று அறிவித்துக்கொண்ட 'கன்னட கிராகக்கர கூட்ட' என்னும் அமைப்பினர், உலகின் நல்ல நிகழ்ச்சிகளை எங்கள் தாய்மொழியில் காணும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் முறையிட்டனர். 2015-இல் ஆணையம் மொழிமாற்றைத் தடுத்த திரைத்துறைச் சங்கங்களுக்கு அபராதம் விதித்தது. வங்காளத்திலும் ஒரு 'மகாபாரத'த் தொடரை ஒட்டி இதே சிக்கல் எழுந்து, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. அதே மாதத்தில் அஜித் நடித்த 'என்னை அறிந்தால்' படம் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என்ற பெயரில் கன்னடம் பேசித் திரைக்கு வந்தது; எதிர்ப்பும் உடன் வந்தது. மறு ஆண்டு இறுதியில் 'கே.ஜி.எஃப்.' என்னும் கன்னடப் படம் தமிழ் முதலிய மொழிகளில் குரல் மாற்றிக்கொண்டு நாடெங்கும் ஓடியது. மொழிமாற்றால் அழிவோம் என்று அஞ்சிய துறை, மொழிமாற்றாலேயே புகழ் பெற்றது. அப்படம் காட்டும் கோலார் தங்கவயலில் உழைத்தோருள் தமிழர் பலர் என்பதும், அவ்வயல் நமக்குத் தொலைவில் இல்லை என்பதும் நம் மாணவர் அறிந்திருக்க வேண்டியவை.

மறுஆக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018-இல் தமிழில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' மறு ஆண்டே கன்னடத்தில் 'வரலக்ஷ்மி ஸ்டோர்ஸ்' ஆயிற்று. தெலுங்கு, மலையாளம், இந்தி என அந்த அண்ணன் தம்பியரின் மளிகைக் கடைக்குக் கிளைகள் பெருகின. ஒரே வீட்டில் மாமியார் கன்னடமும் மருமகள் தமிழும் பேசும் எல்லைப்புறக் குடும்பங்களில், அடுத்த வாரம் யார் அழப்போகிறார் என்பது ஒருவருக்கு முன்னமே தெரிந்திருக்கும். எந்தக் குடும்பம் உண்மைக் குடும்பம் என்று அவர்கள் வாதிடுவது, கம்பரா வால்மீகியா என்ற பட்டிமண்டபத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

இனி விளையாட்டு. கைப்பேசிப் போர் ஆட்டங்களில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குவர். நால்வர் ஓர் அணியாகலாம். காதில் மாட்டிய கருவியின் வழியே பேசிக்கொள்வர். பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு, 2021-இல் வேறு பெயரில் மீண்டது. இங்கே மொழிமாற்றுவோரும் இல்லை. மறுஆக்கம் செய்வோரும் இல்லை. தமிழன் 'பின்னாடி' என்பான், கன்னடன் 'ஹிந்தே' என்பான், தக்கனி பேசுபவன் 'பீச்சே' என்பான். மூன்றும் ஒருவனுக்கு விளங்கும். திரைத்துறையினர் அறுபதாண்டு வாதிட்ட சிக்கலை இச்சிறுவர் ஆட்டத்தின் ஊடே அவிழ்த்துவிட்டனர். உறக்கமும் படிப்பும் கெடுகின்றன என்ற பெற்றோரின் முறையீட்டை நாம் மறுக்கவில்லை. எனினும் இவ்வகை ஆட்டத்தையும், பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்தையும் பெரியோர் சிலர் ஒன்றெனவே கருதுகின்றனர். அவை வேறு வேறு. முன்னதில் இழப்பது நேரம். பின்னதில் இழப்பது மாதச் சம்பளம்.

பணம் கட்டும் இணையவழி ஆட்டத்திற்குத்தான் உறுதியான வேலி தேவைப்பட்டது. நேர்ந்தது யாது? 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டத்தால் தடை விதித்தது. கர்நாடகத்தில் வழி திறந்திருந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது; இங்கே திறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கர்நாடகம் தடை கொணர்ந்தது, அங்கே அடைத்தது. 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளை நீக்க, அங்கும் திறந்தது. நீதியரசர் சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்டு, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கே மறுபடி அடைப்பு. அந்த நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்களின் பட்டியலிலிருந்து விலக்கியது. கதவு பாதி திறந்தது.

இவை முழுவதும் நிகழ்ந்த காலத்தில் ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையிலான பேருந்துகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதிகளை வகுத்தது. பணம் கட்டி ஆட ஆதார் சரிபார்ப்பு வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு இடமில்லை. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆட்டமே கூடாது. உயர் நீதிமன்றம் ஜூனில் இவ்விதிகளை ஏற்றது. நல்ல விதிகள் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தொழிற்பேட்டையின் இரவை அறிந்தவர்க்கு ஓர் ஐயம் எழும். இரண்டாம் ஷிப்டு முடிந்து வெளிவரும் இளைஞனுக்கு உறக்கம் உடனே வராது. சம்பள நாளாயின் கைப்பேசியில் பணமும் இருக்கும். அவன் தங்கியிருக்கும் அறை ஜூஜூவாடியில் இருந்தால் விதி அவனைக் காக்கும். வாடகை குறைவென்று அவன் அறையை அத்திப்பள்ளியில் எடுத்திருந்தால், தமிழ்நாட்டு விதி அங்கே செல்லாது. ஆலை ஒன்றே, ஆட்டம் ஒன்றே; காவல் மட்டும் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டும் இணையவழி ஆட்டங்களை நாடு முழுமைக்கும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் அவ்வாட்டங்களை நிறுத்திக்கொண்டன. பணம் இன்றி ஆடும் போட்டி விளையாட்டை வளர்க்கவும் அதே சட்டம் இடம் தந்தது. முதல் தமிழ்நாட்டுத் தடைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள். அந்த ஐந்தாண்டுகளில் இப்பாதையில் வேலைக்குப் போய் வந்தோருள் எத்தனை பேர் கடனோடு வீடு திரும்பினர் என்பதை எந்தச் சோதனைச் சாவடியும் எழுதி வைக்கவில்லை.