சட்டைக்குக் கணக்குப் பார்த்தவர்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கீரனூர் பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் போதும்; நமது தாலுகாவின் வரவு செலவுத் திட்டம் முழுவதும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். திருச்சியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் முதலில் துணிக்கடைப் பைகள் இறங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து மனிதர்கள் இறங்குகிறார்கள். பையின் மேலுள்ள பளபளப்பு அதைச் சுமப்பவர் முகத்தில் அநேகமாக இருப்பதில்லை. தவணைக்கு வாங்கியவர் யார், ரொக்கம் கொடுத்தவர் யார் என்பதை நடையைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இந்தக் காட்சியில் நாம் ஈடுபட்டிருந்த சமயம், நண்பர் ஒருவர் தம் குமாரனுடன் நம்மை நோக்கி வந்தார். பையன் நம்மிடம் படித்தவன். பெங்களூரில், பெரிய கம்பெனிகளுக்கு நிர்வாக யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருக்கிறான்.

"வாத்தியாரய்யா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தார் நண்பர். "கை நிறையச் சம்பளம் வாங்குகிறான். அதை விட்டுவிட்டு, ஜனங்கள் எந்தச் சட்டை போடவேண்டும், எந்தப் புடவை உடுத்தவேண்டும் என்று எழுதப் போகிறானாம். புத்தகமும் போடப் போகிறானாம். கணக்கு வழக்குப் படித்தவன் எவனாவது உடுப்பைப் பற்றி எழுதி உருப்பட்டதுண்டா?"

"அப்பாவுக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது, ஸார்" என்றான் பையன், தலையைக் குனிந்துகொண்டு.

"உண்டு. அதுவும் நம் தஞ்சாவூர்க்காரர்" என்றோம் நாம்.

தகப்பனார், பிள்ளை இருவருமே திடுக்கிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்றபடி பாதியும், எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து மீதியுமாக அன்று அவர்களுக்குச் சொன்ன விஷயத்தையே நேயர்களுக்கும் இங்கே சொல்கிறோம்.

அந்தத் தஞ்சாவூர்க்காரர் ஜே. ஸி. குமரப்பா. 1892-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ஆம் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோஸப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை இளம் வயதிலேயே லண்டன் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். தாயாரின் விருப்பத்திற்கு இணங்கி 1919-இல் தாய்நாடு திரும்பினார். பம்பாயில் 1924-இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக ஆடிட்டர் கம்பெனி ஆரம்பித்தார். கம்பெனிகளின் புத்தகங்களைப் புரட்டி, எங்கே ஓட்டை இருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று சொல்வது அவர் வேலை. இன்று நமது பையன் பெங்களூரில் செய்யும் வேலைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

அக்காலத்தில் அவர் உடுப்பு முழுக்க முழுக்க லண்டன் உடுப்பு. மடிப்புக் கலையாத கால்சராய், கோட்டு, கையில் பிரம்பு. துரைமார்களுக்கு நடுவே அவரை நிறுத்தினால் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் கண்டிருக்க முடியாது.

1927-இல் குமரப்பா அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகம் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் 'இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது?' என்பது பற்றி அவர் செய்த பிரசங்கம் பத்திரிகையில் வெளியாயிற்று. அதைப் படித்த பேராசிரியர் ஸெலிக்மன், இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்.

அதுவரை தனிப்பட்ட கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தவர், இப்பொழுது ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். நமது தேசம் செலுத்திய வரி எங்கே போயிற்று? யுத்தச் செலவும் கடன் வட்டியும் யார் தலையில் விழுந்தன? ஆராய்ச்சி முடிந்தபோது புத்தகம் ஒன்று உருவாயிற்று. அதை எழுதியவரும் வேறு மனிதராகிவிட்டார். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை மேற்கொண்டார்.

தாயகம் திரும்பியதும் கையெழுத்துப் பிரதியை மகாத்மா காந்தியிடம் காட்ட விரும்பினார். 1929-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்திற்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே சென்றுவிட்டபடியால் நதிக்கரைப் பக்கம் உலாவினார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து கிழவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நமது கணக்குப் புலவர் பிரம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சில நிமிஷங்கள் கழித்துத்தான், தாம் காண வந்தவர் இந்தக் கிழவரே என்று தெரிந்தது. யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். காந்திஜி தரையில் இருக்கத் தாம் நாற்காலியில் அமர அவருக்கு மனம் வரவில்லை. இறுக்கமான கால்சராயோடு, மடிப்புக் கலைந்தால் கலையட்டும் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகாத்மா அப்புத்தகத்தைத் தமது 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடர்ந்து வெளியிட்டார். ஆனால் அதோடு விட்டாரா? குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று ஜனங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் அந்த வேலையை முடித்தார். அதன் அறிக்கை 1931-இல் வெளியாயிற்று.

இதற்குள் லண்டன் உடுப்பு போய்விட்டது. கதர் வந்துவிட்டது. வேஷ்டிக்கும் பைஜாமாவுக்கும் நடுத்தரமாக, 'தோத்திஜாமா' என்று ஓர் உடையைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நமது நண்பர் குறுக்கிட்டார். "கதர் கட்டினவர்கள் லட்சம் பேர். இவர் மட்டும் என்ன விசேஷம்?"

நியாயமான கேள்விதான். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் மதுரையில் காந்திஜி முழங்கால் துணிக்கு மாறியபோது, ஏழைகளோடு ஏழையாக இருக்கவேண்டும் என்ற தயை அவரை அப்படிச் செய்யத் தூண்டியது. குமரப்பா கதருக்கு வந்தது கணக்கு வழியாக. ஒரு சட்டையின் விலை கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் ரசீதோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அவர் கண்ட உண்மை. அந்தப் பருத்தியை விளைவித்தவனுக்கு என்ன கிடைத்தது? நெய்தவன் வயிறாரச் சாப்பிட்டானா? சாயம் போட்ட தண்ணீர் எங்கே போயிற்று? இவையெல்லாம் ரசீதில் எழுதப்படாத பற்றுக்கள். பொருளை வாங்குகிறவன் அந்தப் பற்றுக்களுக்கும் பொறுப்பாளி என்று அவர் 'கிராம இயக்கம் ஏன்?' என்ற தமது நூலில் வாதித்தார். ஒருவர் அருந்தும் கொக்கோவில் ஆப்பிரிக்கத் தோட்டங்களில் கட்டாய வேலை செய்தவர்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது என்று சுட்டிக் காட்டினார்.

சொன்னபடி நடந்தும் காட்டினார். 1934-இல் பீஹார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாள் ஒன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்திருந்தார். மகாத்மாவும் அவருடைய பரிவாரமும் வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்பார்கள். காந்திஜிக்குக் கோபம் வரவில்லை. அதே வருஷம் டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வர்தாவில் தோன்றியபோது, அதன் காரியதரிசியாக நியமிக்கப்பட்டவர் குமரப்பாதான்.

வர்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அவர் வாழ்க்கைமுறை முழுவதையுமே தணிக்கை செய்தார். அரிசி கைக்குத்தலா, மில் அரிசியா? விளக்குக்கு மண்ணெண்ணெயா, கிராமத்து எண்ணெயா? அவருடைய பத்திரிகையும் புத்தகங்களும் கைக்காகிதத்தில் அச்சாயின. இன்றைய பத்திரிகைகளில் உடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள், 'இது உமக்குப் பொருந்துமா?' என்று கேட்கிறார்கள். அவர் கேட்டது, 'இது உம்முடைய அண்டை அயலாருக்குப் பொருந்துமா?' என்பது.

1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்டு ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல்தான் 'நிலைத்து நிற்கும் பொருளாதாரம்' என்று பொருள்படும் ஆங்கில நூல். புலியைப் போல் கொன்று தின்னும் வாழ்க்கை ஒன்று; குரங்கைப் போல் பிறர் தோப்பில் பறித்துத் தின்னும் வாழ்க்கை ஒன்று; தேனீயைப் போல் எடுத்ததற்கு ஈடாகப் பூவுக்கும் நன்மை செய்யும் வாழ்க்கை ஒன்று; தாய்ப்பறவையைப் போல் கைம்மாறு கருதாமல் கொடுக்கும் வாழ்க்கை ஒன்று. மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் வாங்கும் பொருள்களைக் கொண்டே அறியலாம் என்பது அந்நூலின் சாரம். 1945-இல் அதற்கு முன்னுரை எழுதிய மகாத்மா, கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று வேடிக்கையாக அவருக்கு ஒரு பட்டமும் சூட்டினார்.

சுதந்திரம் வந்தது; குமரப்பாவின் யோசனைகள் சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஆலைகளும் பெரிய அணைகளுமே தேசத்தின் வழியாயின. அவரும் லேசில் விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். கடைசியில் மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து குடிசையில் தங்கினார். 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், காலமானார்.

"பார்த்தீர்களா! தோற்றுத்தானே போனார்?" என்றார் நண்பர் உற்சாகத்துடன்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இன்று கதர்ச் சட்டையின் விலை மில் சட்டையின் விலையைவிட அதிகம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளிக்குக் கதர் வாங்கு என்று உபதேசிப்பது சுலபம். காசு யார் கொடுப்பது? நாம் அன்று அணிந்திருந்ததும் பாதி செயற்கை நூல் கலந்த சட்டைதான். ஆகவே வாதத்தில் வெல்வதற்காகப் பொய் பேச நாம் விரும்பவில்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வி தோற்றுவிட்டதா? திருப்பூர்ப் பனியன் உலகமெங்கும் போயிற்று. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் போயிற்று. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கி, கீழேயுள்ள வயல்கள் பாழாயின. 2011-ஆம் வருஷம் ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 2013-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, வங்காள தேசத்து டாக்கா நகரின் அருகே ராணா பிளாஸா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே மேல்நாட்டுக் கடைகளுக்காகச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் லண்டனிலும் நியூயார்க்கிலும், 'என் சட்டையைத் தைத்தது யார்?' என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். குமரப்பா 1930-களில் கேட்ட அதே கேள்வி!

"தம்பி, நீ தாராளமாக எழுது" என்றோம் பையனிடம். "ஆனால் கம்பெனிக் கணக்கில் ஓர் அணா இடித்தாலும் விடமாட்டாயே, அந்தக் கண்ணோடு எழுது. உறையூர் நெசவு முற்காலத்தில் கடல் கடந்து போயிற்று. அந்த உறையூர் நமக்கு ஒரு மணி நேரப் பிரயாணம். முதலில் அங்கே போய், ஒரு புடவைக்கு நெய்கிறவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்று விசாரித்து எழுது. புடவையின் அழகைப் பற்றி அப்புறம் எழுதலாம்."

பையன் முகம் மலர்ந்தது. தகப்பனார் மட்டும் இன்னும் திருப்தியடையவில்லை. டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே, "அதெல்லாம் சரி, வாத்தியாரய்யா. அந்தக் குமரப்பா கடைசியில் என்ன மிச்சம் வைத்தார்?" என்று கேட்டார்.

கல்லுப்பட்டிக் குடிசையில் இரண்டு படங்கள் இருந்தனவாம். ஒன்று மகாத்மாவின் படம். அதைக் காட்டி, 'இவர் என் எஜமானர்' என்பாராம். மற்றொன்று ஓர் ஏழைக் குடியானவனின் படம். 'இவர் என் எஜமானருக்கு எஜமானர்' என்பாராம்.

இதை நாம் சொன்னதும் நண்பர் பேசவில்லை. பக்கத்து பெஞ்சியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்தார். உள்ளேயிருந்த புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பி, அதில் தைத்திருந்த சிறு துண்டில் எந்த ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கலானார்.